நாலாவது வரில நாக்கு ஒட்டிக்குதுன்னு எழுதின வாத்தியாருக்கு

ஆலோசனை கேட்டு எனக்கு வந்த கடிதம் மொத்தம் நாலு பக்கம். ஆளு யாருன்னு தெரியற மாதிரி இருக்கறத எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடறேன்.

எழுதினவருக்கு 44 வயசு, தஞ்சாவூர் பக்கம் ஒரு அரசு பள்ளிக்கூடத்துல ஃபிசிக்ஸ் வாத்தியார். அப்பா கருஞ்சட்டைக்காரர், இப்ப 76. அம்மா அப்படியே நேர் எதிர், மார்கழி பொறந்துட்டா நாலு மணிக்கு எந்திரிச்சு பச்சத்தண்ணில குளிச்சுட்டு பாடற ஆளு. அப்பா கோயிலுக்குள்ள கால் வெச்சதே இல்ல, ஆனா பிரதோஷம் தவறாம டிவிஎஸ் 50ல அம்மாவ கூட்டிட்டு போயி வாசல்ல எறக்கி விட்டுட்டு, எதிர் டீக்கடைல பேப்பர் படிச்சுக்கிட்டு அவங்க வெளிய வர்ற வரைக்கும் உக்காந்திருப்பாராம். இவரு அப்பா பக்கம். காலேஜ்லயே சாமி இல்லன்னு முடிவு பண்ணிட்டாரு, இன்னைக்கும் அதுல மாத்தம் இல்ல.

எட்டு மாசத்துக்கு முன்னாடி அம்மா தவறிட்டாங்க. எளைய மகன்ங்கறதால கொள்ளி வெச்சது இவருதான். பீரோல பொடவைக்கு அடியில அம்மா கைப்பட தேவாரம் எழுதி வெச்ச ஒரு கோடு போட்ட நோட்டு கெடச்சுது. ஒரு ராத்திரி தூக்கம் வராம அத எடுத்து வாய்விட்டு படிச்சிருக்காரு, படிச்சுட்டே தூங்கிட்டாரு. அன்னைலேந்து தெனமும் ஒரு பக்கம். இப்ப வீட்ல என்ன ஆச்சுன்னா, மனைவி "பாத்தீங்களா, அத்தை போயும் உங்கள மாத்திட்டாங்க"ன்னு பழனிக்கு வேண்டிக்கிட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல, டிவி சத்தத்த மட்டும் கூட்டி வெக்கறாரு. அண்ணன் "நம்பிக்கை இல்லாதவன் தெவசம் குடுத்தா அம்மாவுக்கு போய் சேராது, நான் செய்யறேன், வீடும் அப்ப எனக்குத்தான்"னு பேச ஆரம்பிச்சுட்டாரு. ஒம்போது வயசு பொண்ணு "அப்பா, ஆச்சி சாமிகிட்ட இருக்காங்களா இல்லயா?"ன்னு கேக்கறா. நடுவுல வாட்ஸ்அப்ல யாரோ ஒருத்தர் அம்மா ஆத்மா சாந்தி ஆகல, பரிகாரத்துக்கு 35,000 ஆகும்னு அனுப்பியிருக்காரு.

அவர் வார்த்தையிலயே ஒரு எடம் மட்டும் குடுக்கறேன்: "பாட்டுல மூணு வரி உள்ள எறங்குது மேடம். நாலாவது வரில சாமி வந்து நிக்கறாரு, அங்க நாக்கு ஒட்டிக்குது. அந்த வரிய விட்டுட்டு படிச்சா அம்மாவுக்கு துரோகம், சேத்து படிச்சா எனக்கு துரோகம். நான் வேஷம் போடறேனா, இல்ல எனக்கு புத்தி தளர்ந்து போச்சா?"

சார், மொதல்ல என்னப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நான் சாமி கும்பிடறவ. வெள்ளிக்கிழமை வெளக்கேத்தாம இருக்க மாட்டேன். அதனால உங்கள இந்த பக்கம் இழுக்கப் பாக்கறேன்னு எங்கயாச்சும் தோணுச்சுன்னா அந்த எடத்துல என்ன சந்தேகப்படுங்க, தப்பில்ல. ஆனா நீங்க கேட்டது சாமி இருக்கா இல்லயான்னு இல்லயே. அத நீங்க 20 வருஷம் முன்னாடியே முடிவு பண்ணியாச்சு, நானும் அத தொடப் போறதில்ல.

நீங்க சொல்ற அந்த நாலு வரி எதுன்னு லெட்டர்லயே எழுதியிருந்தீங்க. மாசில் வீணையும் மாலை மதியமும், வீசு தென்றலும் வீங்கிள வேனிலும், மூசு வண்டறை பொய்கையும் போன்றதே, ஈசன் எந்தை இணையடி நீழலே. அப்பர் பாட்டு. சமணத்துலேந்து சைவத்துக்கு திரும்பிட்டாருன்னு பல்லவ ராஜா இவர சுண்ணாம்பு காளவாசல்ல போட்டு அடைச்சாரு, ஏழு நாள் கழிச்சு தெறந்து பாத்தா உயிரோட இருந்தாருன்னு பெரிய புராணம் சொல்லுது, அங்க பாடினதுதான் இதுன்னு ஐதீகம். ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியாருக்கு ஏழு நாள் கதைய நான் நம்ப வெக்க முடியாது, முயற்சியும் பண்ணல. ஆனா பாட்ட மட்டும் பாருங்க. தகிக்கற எடத்துல உக்காந்திருக்கற ஒருத்தன் வரிசையா என்ன சொல்றான்? காதுக்கு ஒரு வீணை, அதுவும் பிசிறு இல்லாத வீணை. கண்ணுக்கு சாயங்கால நெலா. தோலுக்கு தென்றல். அப்பறம் எளவேனில், அப்பறம் வண்டு மொய்க்கற கொளம். மனசு பதறி மூச்சு முட்டற நிலையில என்கிட்ட வர்றவங்களுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கறேன்னா, சுத்திப் பாருங்க, கண்ணுக்கு தெரியற அஞ்சு பொருள் சொல்லுங்க, கையில படற நாலு சொல்லுங்க, காதுல விழற மூணு சொல்லுங்கன்னு. கிட்டத்தட்ட அதே வேலை. என்ன, எங்கிட்ட வந்தா ஃபீஸ் வேற வாங்கறேன், அழகும் இவ்வளவு இல்ல.

ஆக உங்களுக்கு தூக்கம் வர்றதுல மாயமும் இல்ல, வெக்கப்பட வேண்டியதும் இல்ல. வாய்விட்டு மெதுவா, ஒரே ராகத்துல படிக்கறப்ப மூச்சு விடற நேரம் நீளுது, ஒடம்பு அடங்குது. அதோட, அது உங்க அம்மா கையெழுத்து.

ஆனா லெட்டர்ல ரெண்டாவது பக்கத்துல ஒண்ணு எழுதியிருந்தீங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன். "சாமிங்கறது மாத்திரைக்கு மேல இருக்கற உறை மாதிரி மேடம், உள்ள இருக்கற மருந்துதான் விஷயம்"னு. உங்களுக்கு அப்படி இருக்கலாம். உங்க அம்மாவுக்கு அப்படி இல்ல சார். அவங்களுக்கு அந்த நாலாவது வரிதான் மருந்து, முன்னாடி இருக்கற மூணும்தான் உறை. பாட்டோட இலக்கணமே அப்படித்தான இருக்கு, வீணை, நெலா எல்லாம் "போன்றதே"ங்கற வார்த்தையில போயி நின்னு, எது இதெல்லாம் போல இருக்குன்னு கடைசி வரிக்குத்தான கைகாட்டுது. அவங்க பாடறப்ப எதிர்ல ஒருத்தர் கேக்கறாருன்னு நம்பி பாடினாங்க. நீங்க படிக்கறப்ப எதிர்ல யாரும் இல்லன்னு தெரிஞ்சு படிக்கறீங்க. அதனால அவங்களுக்கு அந்த நோட்டு குடுத்தது முழுசா உங்களுக்கு குடுக்காது. கொஞ்சம் குடுக்கும், அந்த கொஞ்சமே பெருசா இருக்கலாம், ஆனா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிக்காதீங்க. இத ஒத்துக்கிட்டீங்கன்னா "வேஷம் போடறேனா"ங்கற கேள்வில பாதி கழண்டுடும். வேஷங்கறது இல்லாதத இருக்கற மாதிரி காட்டறது. நீங்க யார்கிட்டயும் அப்படி காட்டல. உங்க சம்சாரமா அப்படி எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு பின்னாடி வரேன்.

அப்ப நாலாவது வரிய என்ன பண்றது? படிங்க, அப்படியே. "ஈசன்" எடத்துல "அன்னை"ன்னு போட்டு படிச்சுப் பாத்தேன், சரியா வரலன்னு எழுதியிருந்தீங்க, வராது. படிக்கறதுங்கறது பத்திரத்துல கையெழுத்து போடறது இல்ல. எத்தன பள்ளிக்கூடத்துல கிறிஸ்டியன் தமிழ் டீச்சரும் முஸ்லிம் தமிழ் ஐயாவும் இதே பாட்ட உருகி உருகி நடத்தறாங்க, யாராச்சும் அவங்கள வேஷம்னு சொல்லுவோமா? ஜி.யு.போப் பாதிரியாரா வந்தவரு, பாதிரியாராவே இருந்தவரு, திருவாசகம் முழுசையும் மொழிபெயர்த்து 1900ல வெளியிட்டாரு, சிவன கும்பிட ஆரம்பிச்சுடல. அந்த வரி வர்றப்ப "இது அப்பர் சொல்றாரு, எங்கம்மா ஆமான்னாங்க"ன்னு மனசுல வெச்சுக்கிட்டு படிச்சா போதும்.

வெட்டறது ஏன் வேணாங்கறேன்னா, அதுல பாவம் புண்ணியம்லாம் ஒண்ணும் இல்ல. நம்ம மேடைகள்ல சிவவாக்கியர்ங்கற சித்தரோட பாட்டு ஒண்ணு அடிக்கடி வரும் பாருங்க, "நட்ட கல்லும் பேசுமோ"ன்னு கேட்டுட்டு கைதட்டு வாங்கிட்டு நிறுத்திடுவாங்க. அதே வரில அடுத்து "நாதன் உள்ளிருக்கையில்"னு இருக்கு. மனுஷன் கல்ல வேணாங்கறாரு, நாதன வேணாங்கல. அந்த ரெண்டு வார்த்தைய முழுங்கிட்டா நாம அவர்கிட்டேந்து ஒண்ணும் கத்துக்கல, நம்ம கருத்தையே அவர் வாயில ஊட்டி விட்டுட்டு திரும்ப கேட்டு சந்தோஷப்படறோம், அவ்வளவுதான். முழுசா படிச்சாத்தான் எங்க ஒத்துப் போறீங்க, எங்க ஒத்துப் போகலன்னு உங்களுக்கே தெரியும். ஒத்துப் போகாத எடமும் நெறைய வரும். தேவாரத்துல சமணரையும் பௌத்தரையும் திட்டற பாட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல, சம்பந்தர் பதிகத்துக்கு பதிகம் பத்தாவது பாட்ட அதுக்குன்னே ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கும். பக்தியோட படிக்கற என்ன மாதிரி ஆளுங்க அந்த எடத்த வேகமா தாண்டிடுவோம். உங்களுக்கு அந்த கட்டாயம் இல்ல, நின்னு "இது தப்பு"ன்னு சொல்லலாம்.

இன்னொண்ணு. சாமி இல்லன்னா சமயத்துல எதையுமே எடுத்துக்க உரிமை இல்லங்கற நெனப்பு உங்க லெட்டர் முழுக்க ஓடுது. இந்த மண்ணுல அது அப்படி இருந்ததே இல்ல சார். சமணத்துலயும் பௌத்தத்துலயும் ஒலகத்த படைச்ச கடவுள்னு ஒருத்தர் கெடையாது. சாங்கியமும் ஈஸ்வரன் இல்லாமயே ஒலகத்துக்கு கணக்கு சொன்ன தத்துவம்தான், மீமாம்சைங்கற தத்துவத்துக்கு யாகம் முக்கியம், படைச்சவன் தேவைப்படல. அப்பரே தருமசேனர்ங்கற பேர்ல அந்த சமணத்துல இருந்துட்டு வந்தவருதான. எங்க தொழில்லயும் பாருங்க, 1979ல அமெரிக்கால மாசசூசெட்ஸ் மெடிக்கல் சென்டர்ல ஜான் கபாட்-ஜின்னுங்கறவர் பௌத்த தியானத்த எடுத்து, நாள்பட்ட வலி இருக்கற நோயாளிங்களுக்கு ஒரு பயிற்சியா மாத்தினாரு, இன்னைக்கு ஐடி கம்பெனி வரைக்கும் அது ஓடுது. (ஓடற வேகத்துல எடுத்த எடத்த மறந்துட்டாங்கங்கறது என் வருத்தம், அது வேற கதை.)

புத்தி தளர்ந்து போச்சான்னு கேட்டதுக்கு

இல்ல. ஆனா சும்மா ஆறுதலுக்கு சொல்லல, உங்க லெட்டர்ல இருக்கறத வெச்சு சொல்றேன். ஸ்கூலுக்கு லீவு போடாம போறீங்க, பேப்பர் திருத்தறீங்க, பொண்ண சைக்கிள் ஓட்ட கூட்டிட்டு போறீங்க, சாப்பாடு எறங்குது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல நீடித்த துக்கம்னு ஒண்ணு இருக்கு, ஆறு மாசம் தாண்டியும் தவிப்பு கொஞ்சமும் கொறையாம அன்றாட வேலையே முடங்கிப் போற நெலமைதான் அது. எட்டு மாசம் ஆகியும் அழுக வருதேங்கறதுனால மட்டும் யாரும் அந்த பட்டியல்ல வர மாட்டாங்க. கொல்லைப்பக்கம் அம்மா கூப்ட்ட மாதிரி ரெண்டு தடவ கேட்டுதுன்னு பயந்து பயந்து எழுதியிருந்தீங்களே, பெத்தவங்கள பறிகொடுத்தவங்க நெறைய பேருக்கு அப்படி கேக்கும், பயப்படாதீங்க. எப்ப பயப்படணும்னா, தூக்கம் சாப்பாடு மறுபடி போயிட்டா, வேலைக்கு போகவே முடியலன்னா, "நானும் அம்மாகிட்டயே போயிடறேன்"ங்கற மாதிரி நெனப்பு வந்தா. அப்ப நோட்ட நம்பி உக்காந்திருக்காதீங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. இல்ல பக்கத்து ஜிஹெச்ல மனநல டாக்டர பாருங்க.

தெவசம், அண்ணன், வீடு

மொதல்ல வீடு, ஏன்னா அண்ணன் ரெண்டையும் முடிச்சு போட்டு வெச்சிருக்காரு. நான் வக்கீல் இல்ல, ஆனா எங்கிட்ட வர்ற குடும்பத்துல பாதி குடும்பம் இந்த முடிச்சோடதான் வருது. கொள்ளி வெச்சவனுக்கு வீடு, தெவசம் குடுத்தவனுக்கு வீடுங்கறதெல்லாம் ஊர் பேச்சு. வீடு அம்மா பேர்ல இருந்து, உயில் எதுவும் எழுதாம போயிருந்தாங்கன்னா, இந்து வாரிசுரிமை சட்டப்படி புருஷன், பிள்ளைங்க எல்லாருக்கும் சரி பங்கு. உங்க வீட்ல நீங்க ரெண்டே பிள்ளைங்க, அப்பா இருக்காரு, அப்ப மூணு பங்கு. சாமி நம்பறியான்னு அந்த சட்டம் யாரையும் கேக்கல, இந்துவா பொறந்து நாத்திகரா இருக்கறவருக்கும் அதே சட்டம்தான். அண்ணன்கிட்ட இத சண்டையா சொல்லாதீங்க, தெவசம் முடியற வரைக்கும் வீட்டுப் பேச்சே வேணாம்னு மட்டும் சொல்லுங்க. உயில் இருக்கான்னு மட்டும் அதுக்குள்ள ஒரு வக்கீல வெச்சு பாத்துக்குங்க.

இப்ப தெவசம். ஐயர வெச்சு முழுசா பண்றது ஒரு வழி. அதுல உங்களுக்கு இருக்கற கஷ்டம், புரியாத மந்திரத்த ஒரு மணி நேரம் திருப்பிச் சொல்லணும், அது உங்களுக்கு ஒரு தண்டனையா போகும், கடைசில அம்மா நெனப்பே வராது. ஒண்ணுமே பண்ணாம விடறது இன்னொரு வழி, கொள்கைக்கு சுத்தம், ஆனா உங்க லெட்டர படிச்சா அன்னைக்கு நீங்க வீட்ல சும்மா உக்காந்திருக்க மாட்டீங்கன்னு தெரியுது. நடுவுல ஒரு வழி இருக்கு. அண்ணனுக்கு சடங்கு முக்கியம்னா சடங்க அவரே செய்யட்டும், கூட நில்லுங்க, தடுக்காதீங்க. சாயங்காலம் உங்க வீட்ல அம்மாவுக்கு புடிச்சத சமைச்சு, அந்த நோட்டுலேந்து அஞ்சாறு பாட்ட நீங்களே படிங்க, முடிஞ்சா ஓதுவார் யாரையாச்சும் கூப்ட்டு பாட சொல்லுங்க. எலை போடறதுக்கு நம்பிக்கை தேவையில்ல சார், வாழைக்காயும் சேனையும் இருந்தா போதும். "போய் சேராது"ன்னு அண்ணன் சொன்னா, "உங்க கணக்குல போய் சேர வேண்டியத நீங்க சேத்துடுங்கண்ணே, நான் எனக்கு சேர வேண்டியத பாத்துக்கறேன்"னு சொல்லலாம், சிரிச்சுக்கிட்டே சொன்னா ஒண்ணும் ஆகாது.

அந்த 35,000

குடுக்காதீங்க. துக்கத்துல கொஞ்சம் எளகி இருக்கறவங்கள மோப்பம் புடிச்சு வர்ற கூட்டம் இது, நீங்க நோட்டு படிக்கறது எப்படியோ வெளிய தெரிஞ்சிருக்கு, அதான் உங்களுக்கு அனுப்பறாங்க. சாமி கும்பிடறவளா சொல்றேன், பயத்தையும் ரேட்டையும் ஒரே மெசேஜ்ல அனுப்பறவன் அம்மாவப் பத்தி பேசல. பிளாக் பண்ணிட்டு வேலைய பாருங்க. கைக்கு ஏதாச்சும் வேலை குடுத்தா தேவலன்னு இருந்துச்சுன்னா, உங்க பக்கத்து பழைய கோயில்கள்ல ஞாயித்துக்கெழம உழவாரப் பணிக்கு வர்ற குழுக்கள் இருக்கும், மதில்ல மொளச்ச அரசங்கன்ன புடுங்கறது, பிரகாரத்துல புல்லு செதுக்கறது. அப்பர் கையில உழவாரத்தோட நிக்கறாரே, அந்த வேலைதான். சாமி இருக்காருன்னு நெனச்சு புடுங்கினாலும் இல்லன்னு நெனச்சு புடுங்கினாலும் அரசங்கன்னு வேரோட வந்தா சரி.

ஸ்கூல் ப்ரேயர்ல பசங்கள பாட வெக்கலாமான்னு ஒரு வரி கேட்டிருந்தீங்க. வேணாம். உங்களுக்கு கெடச்சது உங்களோடது, அரசு பள்ளிக்கூடத்துல மத போதனை கூடாதுன்னு அரசியல் சாசனம் 28வது பிரிவே சொல்லுது, எல்லா மத பிள்ளைங்களும் நிக்கற வரிசை அது.

சம்சாரம், பொண்ணு, அப்பா

சம்சாரத்துகிட்ட நேரா சொல்லிடுங்க, தள்ளிப் போடாதீங்க. "நான் மாறல, அம்மாவ படிக்கறேன், அவ்வளவுதான், பழனிக்கு நீ வேண்டிக்கிட்டது உன் வேண்டுதல், வண்டி நான் ஓட்டறேன், மொட்டை எனக்கு வேணாம்"னு. மொதல்ல கொஞ்சம் வருத்தப்படுவாங்க. ஆனா இப்ப சொல்லாம விட்டா, அவங்க சந்தோஷத்துக்காக ஒவ்வொண்ணா செய்ய ஆரம்பிச்சு, அப்பறம் நெஜமாவே வேஷம் ஆகிப் போயிடும்.

பொண்ணு கேட்டதுக்கு, உள்ளத உள்ளபடி சொல்லலாம், ஒம்போது வயசு தாங்கும். "அம்மா இருக்காங்கன்னு நம்பறாங்க, தாத்தா இல்லங்கறாரு, எனக்கும் இல்லன்னுதான் தோணுது, ஆனா ஆச்சி நம்பினாங்க, நம்பி எழுதினத நான் தெனமும் படிக்கறேன்." அவள உக்கார வெச்சு யார் சொல்றது சரின்னு கேக்காதீங்க, தீர்ப்பு சொல்ற வேலை புள்ளைக்கு வேணாம். ராத்திரி நீங்க படிக்கறப்ப பக்கத்துல வந்து படுத்தா படுத்துக்கட்டும்.

அப்பா விஷயம்தான் எனக்கு ரொம்ப நேரம் மனசுல ஓடுச்சு. டிவி சத்தத்த கூட்டறாருன்னா கோவம்னு நீங்க எழுதியிருக்கீங்க. எனக்கு அப்படி தோணல. பல வருஷமா அந்த குரல் அடுத்த ரூம்லேந்து அவர் காதுல விழுந்துட்டே இருந்திருக்கு, இப்ப அதே பாட்டு வேற குரல்ல கேக்குது, தாங்கல மனுஷனுக்கு. கொள்கைக்கு துரோகம்னு அவர் நெனப்பாருன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பெரியாரே 1949ல சென்னைல திருக்குறளுக்கு மாநாடு நடத்தினவருதான், மொத அதிகாரமே கடவுள் வாழ்த்துன்னு தெரியாமயா நடத்தினாரு. ஒரு நாள் டிவி ஓடாத நேரமா பாத்து அப்பர்லேயே வேற ஒரு பாட்ட எடுத்துட்டு போங்க, "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்"னு இருக்கு, அம்மா நோட்டுல இருந்தா நோட்டாவே காட்டுங்க. அர்த்தம் கேக்கற மாதிரி கேளுங்க. அவருக்கு கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், எதிர்க்கட்சி பாட்டுல நம்ம பக்கம் பேசற வரி எதுன்னு அந்த தலைமுறைக்கு மனப்பாடம். அங்கேந்து பேச்சு அம்மாவுக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும், அவசரப்படாதீங்க. டீக்கடைல உக்காந்திருந்தப்ப உள்ளேந்து என்ன கேக்கும்னு மட்டும் ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

கடைசியா நோட்டப் பத்தி. ஓரம் பொடியுது, லேமினேட் பண்ணிடலாமான்னு கேட்டிருந்தீங்க. பண்ணாதீங்க, அப்பறம் பிரிக்க முடியாது, மையும் கெட்டுப் போகலாம். மொத்தமா ஒரு ஜெராக்ஸ் எடுத்து தெனமும் அதுல படிங்க, நோட்ட துணியில சுத்தி பீரோவுலயே வெச்சுடுங்க. "மாலை மதியமும்"ல அம்மா பெரிய ளை போட்டு வெச்சிருக்காங்க, திருத்தட்டுமான்னும் கேட்டீங்க, வாத்தியார் புத்தி, வேணாம் சார் விட்டுடுங்க. ஜெராக்ஸ் கடைல சொல்லிடுங்க, பின்னட்டைக்கு முந்தின பக்கத்துல பால் கணக்கு எழுதியிருக்காங்களே, அந்த பக்கத்தையும் சேத்து எடுக்கச் சொல்லி.